வாசனை வருதா?

ஓவன் பற்றவில்லை. காலை எட்டரை மணி. பன்னிரண்டு மணிக்குள் இரண்டடுக்கு கேக் ஒன்று பெரிய சாலையில் இருக்கும் ஓர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே யாரோ முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு அன்றோடு ஓய்வு பெறுகிறார். மாவு சலித்தாயிற்று, தட்டுகளுக்கு வெண்ணெய் தடவியாயிற்று. அவள் குமிழை அழுத்தித் திருப்பினாள். ‘டிக் டிக் டிக் டிக்’ என்று பொறி தட்டும் சத்தம் வந்தது. வழக்கமாக மூன்றாவது நான்காவது தட்டலிலேயே உள்ளே ‘பொப்’ என்று நீலத் தீ வரிசையாக ஓடிப் பரவும். இன்று சத்தம் மட்டும்தான்.

தெருவில் அவளுக்குப் பெயர் கேக்கக்கா. பேருந்து ஓட்டும் அவள் கணவன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், “என்ன கேக்கக்கா, நான் ஏதாவது கேக்கலாமா?” என்பான். ஒன்பது வருடமாக அதே நகைச்சுவை. ஒன்பது வருடமாக அதே ஓவனும்தான். மூடப்பட்ட ஓர் உணவகத்திலிருந்து வாங்கி வந்த எஃகுப் பெட்டி. தீ அணைந்தால் தானாக கேஸை அடைத்துக்கொள்ளும் வசதியெல்லாம் வருவதற்கு முந்தைய காலத்துச் சாமான். ஆனால் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. அவளும் அதில் மணி பார்த்துச் சுட்டதில்லை. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே இருப்பாள். திடீரென்று தலையைத் தூக்கி, “வெந்துடுச்சு” என்று எழுந்து போவாள். திறந்து பார்த்தால் பொன்னிறத்தில் சரியாக வெந்திருக்கும். மூக்குதான் அவளுக்குக் கடிகாரம்.

ஓவன் தனியாகச் சுவரோரம் இருந்தது. அதற்கு எதிர்ப்புறம் மேடைமேல் சமையல் அடுப்பு. இரண்டுக்கும் பின்புறத்துச் சந்திலிருந்த ஒரே சிலிண்டரிலிருந்துதான் குழாய் வந்தது. அவள் சமையல் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தாள். உடனே எரிந்தது. அணைத்தாள். மறுபடி ஓவன் குமிழை அழுத்தினாள். டிக் டிக். ஒன்றுமில்லை. சலிக்காமல் இருபது தடவை அழுத்திய பிறகு ரிப்பேர்காரருக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, ஓவன் பத்த மாட்டேங்குது.”

“டிக் டிக் வருதா?”

“அது நல்லாவே வருது.”

“சமையல் அடுப்பு எரியுதா?”

“எரியுது. இப்பதான் பத்தவெச்சுப் பார்த்து அணைச்சேன்.”

“ஓவன் குமிழைத் திருப்பினா கேஸ் வாசனை வருதா?”

அவள் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு ஓவன் கதவைத் திறந்தாள். குமிழைத் திருப்பிப் பிடித்தபடி தலையை உள்ளே நீட்டி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

“இல்லண்ணே. ஒண்ணும் வரல.”

“நல்லாப் பார்த்தீங்களா?”

“என் மூக்கு மேலயே சந்தேகமா? எந்த வீட்ல என்ன சமையல்னு வாசல்ல நின்னே சொல்ற ஆளு நான்.”

அவர் சிரித்தார். “அப்ப ஓவனுக்கு கேஸே போகல. உள்ள குழாய்ல அடைப்பு இருக்கும். ஒரு வேலையில இருக்கேன், வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ஒண்ணும் தொடாம இருங்க.”

தொடாமல் இருப்பது என்பது அவளுக்கு வராத காரியம். ஒரு மணி நேரம் கழித்து அவர் வந்து, அதைப் பிரித்து, அடைப்பை எடுத்து, அதன்பிறகு கேக் வெந்து, ஆறி, கிரீம் பூசி... பன்னிரண்டு மணி எங்கே, இது எங்கே? அடைப்புதானே என்று யோசித்தாள். குளியலறைக் குழாயில் தூசி அடைத்தால் கொஞ்ச நேரம் திறந்து விட்டால் தண்ணீரே அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. கேஸும் அப்படித்தானே? குமிழை முழுதாகத் திறந்து வைத்தாள். ஓவன் கதவைச் சாத்தினாள். முட்டைகளை உடைத்து, சர்க்கரையைப் போட்டு, மேடை ஓரம் நின்று கையாலேயே அடிக்க ஆரம்பித்தாள். மின்சார மிக்ஸரை எடுக்கலாம் என்று ஒருமுறை தோன்றியது. அது அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் விட்டுவிட்டாள். பிறகு பல நாள் அந்த மேல்தட்டை நினைத்து நினைத்து அவளுக்கு உடம்பு சில்லிட்டது.

பத்து நிமிடம் போயிருக்கும். ஒருவேளை இப்போது கேஸ் வந்திருக்கலாம், பொறியில்தான் ஏதோ கோளாறோ என்னவோ, ஒரு தீக்குச்சியைக் கிழித்து நீட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஓவன் முன்னால் மண்டியிட்டாள். கதவைத் திறந்தாள். ஒரு குச்சியை உருவி, பெட்டியின் பக்கவாட்டில் வைத்தாள்.

“ஏய்! கைய எடு!”

அந்தக் குரல் அந்த வீட்டுக்குள் கேட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் கணவனின் அக்கா, மாடியில் குடியிருக்கும் நாத்தனார், சமையலறை வாசலில் நின்றிருந்தார். வெளியே படிக்கட்டில் துணி வாளி ஒன்று கடகடவென்று உருண்டு போகும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரே வீடு, ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி. ஆனாலும் நான்கு மாதமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியதை ஒன்பது வயது மகள்தான் மேலும் கீழும் சுமந்தாள். “அத்தை, மோட்டார் போடச் சொன்னாங்க அம்மா.” “அம்மா, போட்டாச்சுன்னு சொல்லச் சொன்னாங்க அத்தை.” சண்டைக்குக் காரணம் ஒரு கேக். நாத்தனாரின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு இவள் ஆசை ஆசையாகச் சுட்டுக் கொண்டுபோன சாக்லேட் கேக்கை, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் நாத்தனார் வெட்டி முகர்ந்து பார்த்து, “என்னம்மா, தீஞ்ச வாடை அடிக்குது?” என்று கேட்டுவிட்டார். இவளுக்குச் சுருக்கென்றது. தீய்ந்த வாடையா? தன் கேக்கிலா? ஒரு துண்டை மூக்கின் அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை. வேண்டுமென்றே எல்லார் முன்னாலும் மூக்கை உடைக்கிறார் என்று முடிவு செய்து, தட்டோடு கேக்கைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டாள்.

அந்த நாத்தனார்தான் இப்போது கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்து நிற்கிறார்.

“என்ன அண்ணி, என் வீட்டுக்குள்ள வந்து...”

“குச்சியக் கீழ போடு! போடு சொல்றேன்!”

நாத்தனார் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். இருபது வருடமாக மாணவர்களை அதட்டிப் பழகிய குரல். இவள் கையிலிருந்து தீக்குச்சி தானாகவே விழுந்தது. நாத்தனார் பாய்ந்து வந்து குமிழைத் திருப்பி அடைத்தார். இவள் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்ததை இவள் அப்போதுதான் பார்த்தாள். நடிக்கிறார் என்றே நினைத்தாள். சரி, காற்றாவது வரட்டும் என்று சுவரிலிருந்த விசிறி சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

“சுவிட்ச தொடாத!” நாத்தனார் அவள் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். “ஒண்ணையும் தொடாத! வெளிய போ!”

கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறைதான். அவளை வாசலுக்கு விரட்டிவிட்டு, நாத்தனார் பின்பக்கம் ஓடிப்போய் சிலிண்டரை மூடினார். பின்கதவையும் இரண்டு ஜன்னல்களையும் விரியத் திறந்துவிட்டு, இருமிக்கொண்டே தெருவுக்கு வந்தார்.

இவள் தெருவில் நின்று கொதித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு எரிந்தது. “கேஸே வரலன்னு ரிப்பேர்காரர் சொல்லிட்டாரு அண்ணி. அடைப்பாம். நீங்க எதுக்கு இப்படி ஊரைக் கூட்டுறீங்க?”

“கேஸ் வரலையா? நான் மாடிப் படி இறங்கும்போதே மூச்சு முட்டுச்சு! உள்ள எப்படி நின்னுகிட்டிருந்த நீ?”

“எனக்கு ஒரு வாசனையும் வரல.”

“ஏம்மா, விளையாடுறியா?”

எதிர்க் கடையிலிருந்து தையல்காரர், காதில் சொருகிய பென்சிலோடு, சாலையைக் கடந்து வந்தார். யார் பக்கமும் பேச வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அவருக்கும் இவர்கள் சண்டை ஒன்றும் தெரியாது.

“கேக்கக்கா, உங்க வீட்ல சிலிண்டர் லீக்கா? என் கடை வரைக்கும் வருதே வாசனை.”

அவள் தையல்காரரின் முகத்தைப் பார்த்தாள். நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். நாத்தனாரின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் உதடுகள் வெளுத்திருந்தன. இது நடிப்பு இல்லை. வாசல்படியில் ஒரு காலை வைத்து, திறந்திருந்த கதவுக்குள் முகத்தை நீட்டி, மூச்சை இழுத்தாள். காற்று வந்தது. வெறும் காற்று. இன்னொரு தடவை இழுத்தாள். குளிர்ந்த, வெறும் காற்று.

அவள் அங்கேயே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். தையல்காரர் நாற்காலி எடுத்து வந்து போட்டார்.

ரிப்பேர்காரர் வந்தபோது வாசனை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. அப்படித்தான் மற்றவர்கள் சொன்னார்கள். என்றாலும் அவர் கால் மணி நேரம் வெளியிலேயே நின்று, இரண்டு தடவை எட்டிப் பார்த்து முகர்ந்த பிறகுதான் உள்ளே போனார். அவர் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். ஓவனின் பின்தகட்டைக் கழற்றினார். பொறி தட்டும் முனையை மெதுவாக இழுத்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுண்டுவிரல் அளவு வெள்ளைப் பீங்கான் குச்சி. நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல்.

“குழாய்ல அடைப்பே இல்ல. கேஸ் நல்லா வருது. இதுல விரிசல் விட்டிருக்கு. பொறி பர்னர்கிட்ட போகாம, இந்த விரிசல் வழியா பின்னாடி தகட்டுக்குத் தாவுது. அதான் சத்தம் மட்டும் கேட்டிருக்கு.” ஓவன் குமிழைப் பார்த்தார். “எவ்வளவு நேரம் திறந்து வெச்சிருந்தீங்க?”

“பத்து நிமிஷம்.”

“அந்தப் பத்து நிமிஷத்துல இந்த டிக் டிக்க அமுக்குனீங்களா?”

“இல்ல.”

“ஃப்ரிட்ஜ் ஓடிக்கிட்டு இருந்துச்சா? அதுலயும் பொறி தட்டும்.”

அவளுக்குத் தெரியவில்லை. மூவரும் ஃப்ரிட்ஜைப் பார்த்தார்கள். ஓவனுக்கு நான்கு அடி தள்ளி அது தன்பாட்டுக்கு நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ‘க்ளக்’ என்று சத்தம் போட்டு ஓட ஆரம்பித்தது. ரிப்பேர்காரர் சட்டென்று ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“இந்த கேஸ் மேல போகாதும்மா. தரையோட படிஞ்சு நிக்கும்,” என்றார். “நீங்க அதுக்குள்ளதான் மண்டி போட்டு உக்காந்திருக்கீங்க.”

 அவர் பீங்கான் குச்சியை மேடைமேல் வைத்தார். 

“போன்ல கேட்டேனே. வாசனை வருதான்னு கேட்டேனே. நீங்க இல்லன்னீங்க. நீங்க சொன்னீங்கன்னு நான் நம்பிட்டேன். இருபத்தாறு வருஷமா இந்த வேலை பார்க்குறேன், எல்லார்கிட்டயும் அதைத்தான் முதல்ல கேப்பேன்.” அவர் அவள் முகத்தையே பார்த்தார். “உண்மையிலேயே வரலையா?”

பதில் சொன்னது நாத்தனார். சொல்லவில்லை, செய்தார். அலமாரியைத் திறந்து காபித்தூள் டப்பாவை எடுத்தார்.

“கண்ண மூடு.”

அவள் மூடினாள். மூக்கின் கீழே ஏதோ வந்து நின்றது.

“என்ன இது?”

“டப்பா திறந்திருக்கா அண்ணி?”

 அடுத்தது வந்தது. “இது?” தெரியவில்லை. “இது?” தெரியவில்லை. ஒன்று மட்டும் மூக்குக்குள் சுரீரென்று குத்தியது. ஆனால் அது என்ன என்று சொல்ல முடியவில்லை. கண்ணைத் திறந்தாள். மேடைமேல் காபித்தூள், பூண்டு, துணி சோப்பு, வினிகர் வரிசையாக நின்றன. குத்தியது வினிகர். கடைசியாக வெனிலா எஸன்ஸ் பாட்டிலை அவளே எடுத்து, மூடியைத் திறந்து, முகர்ந்தாள். ஒன்பது வருடமாக அவள் கையிலும் புடவையிலும் தலைமுடியிலும் ஊறிய வாசனை. தண்ணீரை முகர்ந்தது போல இருந்தது.

“எப்பலேர்ந்து?” என்று நாத்தனார் கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

எப்போதிலிருந்து என்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாள் மூக்கடைப்பு, உடம்பு வலி, பிறகு சரியாகிவிட்டது. சாப்பாடு கொஞ்சம் சப்பென்று இருந்தது. காய்ச்சல் வாய் அப்படித்தான் இருக்கும் என்று உப்பைக் கூட்டிப் போட்டுக்கொண்டாள். இனிப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, காரம் தெரிந்தது. அதனால் எல்லாம் இருக்கிறது என்றே நினைத்தாள். கண் போனால் இருட்டாகிவிடும், காது போனால் நிசப்தமாகிவிடும். மூக்கு போனால் ஒன்றுமே ஆவதில்லை. எதுவும் வராமல் போவதை யார் கவனிப்பார்கள்?

“அண்ணி,” என்றாள். “அன்னைக்கு அந்த கேக்...”

“விடு.”

“தீஞ்சிருந்துச்சா?”

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அடி முழுக்கக் கரிம்மா. கத்தி வெச்சா நறநறன்னு சத்தம் கேட்டுச்சு. உன் கைல அப்படி ஒரு கேக் வந்து நான் பார்த்ததே இல்ல. வேணும்னே தீய்ச்சுக் கொண்டாந்தியோன்னு ராத்திரி முழுக்க அழுதேன்.”

 நான்கு மாதம் தினமும் படிக்கட்டில் எதிரே வந்தபோதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டவள் அவள்தான்.

ரிப்பேர்காரர் அடுத்த நாள் புதிய பொறிமுனையும், கேஸ் கசிந்தால் கூவும் அலாரம் ஒன்றும் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு, ஓவனுக்குப் போகும் குழாயைத் தனியாக அடைத்துவிட்டுப் போனார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, “சமையல் அடுப்பையும் இன்னைக்கு நீங்க பத்தவெக்காதீங்க,” என்று ஒரு வார்த்தை சொன்னார்.

அலுவலகத்துக்குப் போன் செய்து கேக் வராது என்று சொன்னாள். கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். மறுமுனையிலிருந்த பெண், “பரவாயில்லைங்க,” என்றாள். அதில் ஒரு நிம்மதி தெரிந்தது. இவள் விடவில்லை. “தப்பா நினைக்காதீங்க, போன தடவை என் கேக் எப்படி இருந்துச்சு? உள்ளதைச் சொல்லுங்க.” அந்தப் பெண் மென்று விழுங்கினாள். “எஸன்ஸ் ரொம்பத் தூக்கலா இருந்துச்சுங்க. மருந்து மாதிரி. யாரும் சாப்பிடல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு... வருஷக்கணக்கா வாங்குறோமே, அதான் இன்னொரு தடவை பார்ப்போம்னு.”

போனை வைத்த பிறகு அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். ஐந்து மாதத்தை ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் பார்த்தாள். திடீரென்று எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து பால் பாத்திரத்தை வெளியே எடுத்தாள்.

“அண்ணி, இதைக் கொஞ்சம் பாருங்களேன்.”

நாத்தனார் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கெட்டுப்போய் ரெண்டு நாளாவது இருக்கும்.”

இன்று காலை அந்தப் பாலைத்தான் மகளுக்குக் கொடுத்திருந்தாள்.

போன வாரமும் இப்படி ஒரு பாலைக் கொடுத்தாள். “அம்மா, நாறுது” என்று டம்ளரைத் தள்ளினாள் மகள். இவள் முகர்ந்து பார்த்தாள், ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நாடகம் போடுகிறாள் என்று முதுகில் ஓர் அடி வைத்து, எதிரிலேயே நின்று குடிக்கவைத்தாள். அன்று மதியம் மகள் வகுப்பில் வாந்தி எடுத்ததாகப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். கண்ட கண்டதை வாங்கித் தின்றிருப்பாள் என்று அதற்கும் திட்டினாள்.

தீக்குச்சியை நினைத்தபோது வராத அழுகை இப்போது வந்தது. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தார்.  பாத்திரத்தைக் கைநீட்டி வாங்கித் தள்ளி வைத்தார்.

மூன்றரை மணிக்கு மகள் வந்தாள். வீட்டில் அத்தை உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

“அத்தை கீழ வந்திருக்காங்க!” என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள், யாரிடம் என்று இல்லாமல்.

அவள் மகளை இழுத்து மடியில் உட்கார வைத்தாள். “காலைல பால் நாறுச்சாடா?”

மகள் அத்தையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சொன்னால் அடி விழுமா என்று கணக்குப் போடுகிறாள் என்பது தெரிந்தது.

“அடிக்க மாட்டேன். சொல்லு.”

“நான் குடிக்கல. நீ மாவு எடுக்கத் திரும்பினப்ப ஊத்திட்டேன்.”

“எங்க?”

“சிங்க்ல. எப்பவும் அங்கதான். அப்பாதான் சொன்னாரு, நாறுனா ஊத்திடு, அம்மாகிட்ட சொல்லாதேன்னு. அவரும் ஊத்திடுவாரு.”

மாலை கணவன் வந்ததும், செருப்பைக் கூடக் கழற்றவிடாமல் கேட்டாள். அவன் அக்காவைப் பார்த்து விழித்தான். பிறகு நடந்ததையெல்லாம் கேட்டான். கேட்கக் கேட்க அவன் சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். பேருந்தில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு எந்த நெரிசலிலும் பதறாமல் ஓட்டுகிறவன். 

“தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?” என்றாள் அவள். “பால் கெட்டிருக்கு, குழம்பு ஊசியிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

“ஒரு தடவை சொன்னேன். என் மூக்கையே குத்தம் சொல்றியான்னு ரெண்டு நாள் பேசல நீ. அக்கா கூடச் சண்டை போட்ட மனக்கஷ்டம், அதான் எதுலயும் கவனம் இல்லாம இருக்கேன்னு நினைச்சேன். கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு...” அவன் நிறுத்தினான். “சொல்லியிருக்கணும். தெரியாமப் போச்சு.”

ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்திருந்தது. நாத்தனாருக்குக் கருகிய கேக், மகளுக்குப் பால், அவனுக்குக் குழம்பு, அந்த அலுவலகப் பெண்ணுக்கு எஸன்ஸ். எல்லாரும் அவள் மனம் நோகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அல்லது அவள் கோபத்துக்குப் பயந்து. இரண்டும் ஒன்றுதானோ என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த வாரமே போய்ப் பார்த்த மருத்துவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சின்னச் சின்னக் காகிதங்களை முகரக் கொடுத்தார். காய்ச்சலில் வாசனை நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார். “திரும்ப வருமா டாக்டர்?” “சிலருக்கு வரும். ஒரு வருஷம் கூட ஆகலாம். சிலருக்கு வராது.” பொய்யாக நம்பிக்கை கொடுக்க அவருக்கு மனமில்லை போலும். காலையும் மாலையும் நான்கு வாசனைகளை, இன்னது என்று மனதில் நினைத்தபடி, முகர்ந்து பழகச் சொன்னார். அவள் ஒவ்வொரு நாளும் நான்கு பாட்டில்களை வரிசையாக வைத்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை.

ரிப்பேர்காரர் புதிய பொறிமுனையைப் பொருத்தினார். தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் வால்வு ஒன்றையும் எங்கேயோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து மாட்டினார். தரைக்கு ஒரு சாண் மேலே அலாரம் வந்தது. ஓவன் முதல் தட்டலிலேயே பற்றியது. ஆனால் அவளால் பற்றவைக்க முடியவில்லை. குமிழில் கை வைத்தாலே போதும், மண்டியிட்டு உட்கார்ந்திருந்த அந்த நிமிடம் கண்முன் வந்து நிற்கும். மூன்று வாரம் நாத்தனார்தான் கீழே வந்து பற்றவைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். நான்காவது வாரம், “எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீயே வை,” என்று வாசலில் நின்றபடி சொன்னார். போகவில்லை, அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வைத்தாள். பற்றியது. நாத்தனார் பஸ்ஸுக்கு ஓடினார்.

இப்போது அவள் கடிகாரத்தையும் வெப்பமானியையும் வைத்துத்தான் சுடுகிறாள். வெனிலா எத்தனை சொட்டு என்று எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். பால் வாங்கிய தேதியைப் பாத்திரத்தின் மேல் எழுதும் வேலை மகளுடையது. கேக் இறக்கியதும் மாடிக்கு ஒரு குரல் போகும்; நாத்தனார் வந்து முகர்ந்து தீர்ப்புச் சொல்வார். எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறவர் என்று ஒரு காலத்தில் யாரைத் திட்டினாளோ, அவருடைய மூக்கை நம்பித்தான் தொழிலே நடக்கிறது. சண்டையும் நடக்கிறது. “இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருக்கணும்.” “கடிகாரம் சரியாத்தான் அண்ணி காட்டுச்சு.” “கடிகாரத்துக்கு மூக்கு இருக்கா?” ஆனால் நேருக்கு நேராகத்தான் நடக்கிறது, மகளுக்குத் தூது போகும் வேலை போய்விட்டது.

பத்தாவது வாரம், ஒரு காலைவேளை, அவள் கிரீம் கடைந்துகொண்டிருந்தபோது ஏதோ ஒன்று வந்து போயிற்று. வாசனை என்று சொல்ல முடியாது. மூக்கின் ஆழத்தில் ஒரு நிழல் மாதிரி. கை நின்றது.

“அண்ணி, ஏதாவது நாறுதா?”

மேடையோரம் காபி குடித்துக்கொண்டிருந்த நாத்தனார் தலையைத் தூக்கினார். முகம் கோணியது. “தெருவுல குப்பை வண்டி நிக்குது. அந்தக் கதவைச் சாத்து.”

அவள் கதவைச் சாத்தவில்லை. கிரீம் ஒட்டிய கையோடு வெளியே ஓடினாள். வண்டி நாலு வீடு தள்ளி நின்றிருந்தது. அதன் பின்னால் போய், ஒரு முழத் தூரத்தில் நின்று, மூச்சை இழுத்தாள். வந்தது. மங்கலாக, புளித்த, அழுகிய, வயிற்றைப் புரட்டுகிற ஏதோ ஒன்று. மறுபடி இழுத்தாள். மறுபடி வந்தது.

வண்டிக்காரர் கையுறையைச் சரிசெய்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தார். “என்னம்மா, குப்பை போடணுமா?”

“இல்லண்ணே. நீங்க போங்க.”

வண்டி நகர்ந்தது. அவளும் தெருமுனை வரை கூடவே நடந்தாள்.